ஜாப் கார்டில் கையெழுத்து போடும் முன்: வாசகர் கேள்வி பதில்

கார் சர்வீஸ் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரே ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி, பில் நகலோடு வந்திருக்கின்றன. சிலர் சிவப்பு மையில் வட்டம் வேறு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல இடம் போதாது என்பதால் ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: கார் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. வழக்கமான சர்வீஸுக்குத்தான் டீலரிடம் விட்டேன். காலையில் சொன்ன தொகை ஒன்று, மாலையில் நீட்டிய பில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கேட்டால், "எல்லாம் நீங்கள் கையெழுத்து போட்டதுதான் சார்" என்கிறார்கள். பில்லை இணைத்திருக்கிறேன். எது தேவை, எது ஏமாற்று?

பில்லை இரண்டு தடவை படித்தேன். இருபத்திரண்டு வரி. அதில் உங்கள் காருக்கு நிஜமாகவே வேண்டியிருந்தது ஆறு வரி: எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ட்ரெய்ன் போல்ட் வாஷர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், இவற்றுக்கான லேபர். மற்ற பதினாறு வரியும், வண்டியை வாங்கிக்கொண்டு வேலைகளை எழுதும் சர்வீஸ் அட்வைசரின் அன்பளிப்பு, உங்கள் செலவில்.

முதலில் எஞ்சின் ஃப்ளஷ், அதாவது எஞ்சினின் உள்ளே கழுவுவது. ஆயிலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டு வரும் எஞ்சினுக்கு இது எதற்கு? எஞ்சின் ஆயிலிலேயே அழுக்கைக் கரைத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும் டிடர்ஜென்ட் கலந்துதான் வருகிறது. பழைய ஆயிலை வடித்து வெளியே எடுத்தால் அழுக்கும் அதோடு போய்விடும். அடுத்தது, எஞ்சினுக்கு எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கிளீனிங். வண்டி ஐடிலில் நடுங்குகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் தடுக்கிறது, மைலேஜ் சட்டென்று விழுந்துவிட்டது என்றால் பார்க்கலாம். எந்தத் தொந்தரவும் இல்லாத வண்டிக்கு நாள் கணக்கு பார்த்துச் செய்வது வீண். இங்கே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் இன்டேக் வால்வில் கரி படிவது உண்மையான பிரச்சினைதான், ஏனென்றால் அந்த வால்வின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை. அதே காரணத்தால், டாங்கில் ஊற்றச் சொல்லி உங்கள் பில்லில் ஏற்றியிருக்கிறார்களே அந்த பாட்டில், அந்தக் கரியை அது தொடக்கூட முடியாது!

வீல் அலைன்மென்ட்டையும் பேலன்சிங்கையும் ஒவ்வொரு சர்வீஸிலும் கண்ணை மூடிக்கொண்டு போடுவது வழக்கமாகிவிட்டது. டயரின் குறுக்கே உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் மழமழவென்றிருந்தால், அல்லது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், இல்லை பெரிய பள்ளத்தில் நன்றாக விழுந்து எழுந்திருந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் அதிர்ந்தால் பேலன்சிங். இரண்டும் இல்லையா, இரண்டும் வேண்டாம்.

உங்கள் பில்லில் இன்னொரு வேடிக்கை, ஆயிலின் அளவு. நாலு லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள். ஓனர்ஸ் மேனுவலின் கடைசிப் பக்கங்களில், ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று இருக்கும், பாருங்கள். மூன்றரை என்று இருந்தால் மீதி அரை லிட்டர் எங்கே போனது? எஞ்சினுக்குள் ஊற்றியிருந்தால் அது இன்னும் மோசம், அளவுக்கு மேல் ஆயில் போனால் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் பிரேக் ஆயிலை மட்டும் அந்தக் கோபத்தில் அடித்துவிடாதீர்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு 155 வரைதான் உத்தரவாதம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது உள்ளே கொதித்துக் குமிழி வந்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. பல கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

சரி, காலை எஸ்டிமேட் மாலையில் எப்படி வளர்ந்தது? நீங்கள் கையெழுத்து போட்ட ஜாப் கார்டை, அதாவது காலையில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதிய தாளை, எடுத்துப் பாருங்கள். 'கேர் பேக்கேஜ்' என்றோ 'ஹெல்த் பேக்' என்றோ ஒரு வரி இருக்கும், அதற்குள்தான் அந்தப் பதினாறும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நான் சில வருடங்கள் ஒரு சர்வீஸ் சென்டரின் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன், அதனால் சொல்கிறேன், பில் கவுண்டரில் யார் எவ்வளவு சத்தம் போட்டாலும் எங்களுக்குக் கவலையே கிடையாது. காலையில் ஒருவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வேலை மேனுவலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டால்தான் வியர்க்கும். பேக்கேஜ் வரியை அடித்துவிட்டு, உங்களுக்கு வேண்டியதைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கீழே "இதில் இல்லாத எந்த வேலையும் என்னிடம் கேட்காமல் செய்யக் கூடாது" என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்து போட்டு, அதை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பில் போட்டதை எல்லாம் நிஜமாகவே மாற்றினார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது நமக்கு எங்கே தெரிகிறது?

பென்சில் போதும். ஏசி ஃபில்டர் பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியை இரண்டு பக்கமும் அமுக்கிக் கீழே இறக்கினால் ஒரு நீள மூடி, அதைக் கழற்றினால் ஃபில்டர். என் காரை சர்வீஸுக்கு விடுவதற்கு முந்தின நாள் அதன் ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதி வைத்தேன். மாலையில் 'ஏசி ஃபில்டர், ஒன்று' என்று பில் வந்தது. பணம் கட்டும் முன், அங்கேயே, அட்வைசர் பக்கத்தில் நிற்கும்போதே பெட்டியை இறக்கி ஃபில்டரை உருவினேன். என் கையெழுத்தில் அதே தேதி, அதன் மடிப்பில் பழையபடி ஒரு காய்ந்த இலை. அவர் ஃபில்டரைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், "பையன் மறந்துட்டான் போல சார்" என்றார். பத்து நிமிஷத்தில் புதுசு வந்தது. அந்தப் பையன் மறந்தானா, மறக்கச் சொன்னார்களா, இன்றுவரை தெரியாது.

ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாவற்றிலும் இப்படி ஒரு புள்ளி வைக்கலாம். அதைவிடச் சுலபமானது, கழற்றிய பழைய பாகங்களை டிக்கியில் போட்டுவிடுங்கள் என்று ஜாப் கார்டிலேயே எழுதிவிடுவது. மாலையில் கேட்டால் "குப்பையில் போட்டாச்சு" என்ற பதில்தான் கிடைக்கும். வாரன்டியில் மாற்றியது, பழையதைக் கொடுத்துப் புதுசு வாங்கும் பேட்டரி, ஆல்டர்நேட்டர் மாதிரியானவை திரும்ப வராது. அது நியாயம்தான்.

கேள்வி: மதியம் போன் வந்தது. "பிரேக் பேட் எண்பது சதவீதம் தேய்ந்துவிட்டது மேடம், உடனே மாற்றாவிட்டால் ரிஸ்க்" என்றார்கள். பயத்தில் சரி சொல்லிவிட்டேன். டிஸ்க்கையும் சேர்த்து மாற்றிவிட்டார்கள்.

சதவீதத்தில் பேசும்போதே உஷாராகிவிடுங்கள். எதில் எண்பது சதவீதம்? பேட் அளக்கப்படுவது மில்லி மீட்டரில். புது பேடின் தேயும் பகுதி சுமாராக 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. பக்கம் வந்தால் மாற்ற வேண்டும். ஆகவே போனில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எத்தனை மி.மீ. இருக்கிறது? கேஜை வைத்து ஒரு போட்டோ அனுப்புங்கள்." 6 மி.மீ. என்று பதில் வந்தால் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். நிறைய பேடுகளில் ஒரு சின்னத் தகடு வேறு இருக்கிறது, தேய்ந்து கடைசிக்கு வந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். டிஸ்க்குக்கும் அளவு உண்டு, குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்பதை அதன் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறித்தே அனுப்புகிறார்கள். அதற்குக் கீழே போயிருந்தால், வெடிப்பு விட்டிருந்தால், ஆழமாகக் கோடு விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பிரேக், ஸ்டியரிங், டயர் விஷயத்தில் அவர்கள் சொல்வது நிஜமாகவும் இருக்கலாம். அதனால் முடியாது என்று போனை வைத்துவிடாதீர்கள். அளவைக் கேளுங்கள், போட்டோவைக் கேளுங்கள், சந்தேகம் தீராவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வேறொரு மெக்கானிக்கிடம் அன்றைக்கே காட்டுங்கள்.

கேள்வி: வெளியில் சர்வீஸ் செய்தால் வாரன்டி போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் பாதி வியாபாரமே நடக்கிறது. அமெரிக்காவில் 1975இல் வந்த மேக்னுசன் மாஸ் வாரன்டிச் சட்டம், கம்பெனி இலவசமாகத் தராத வரை, குறிப்பிட்ட பிராண்டின் பாகத்தையோ சர்வீஸையோ வாங்கினால்தான் வாரன்டி என்று பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் வெளி வொர்க்‌ஷாப்புகளைத் தடுக்காமலிருக்கப் போட்டி விதிகள் இருக்கின்றன. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் போட்டபோது, ஸ்பேர் பார்ட்ஸையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்காமல் செய்ததைக் கண்டித்ததோடு, வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரன்டி ரத்து என்று ஒரேயடியாக நிபந்தனை வைக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே எங்காவது வண்டியை விட்டுவிடாதீர்கள். வெளியில் செய்த வேலையால்தான் பழுது வந்தது என்று காட்ட முடிந்தால் அந்தப் பழுதுக்கு மறுக்கலாம். தப்பான ஆயிலை ஊற்றி எஞ்சின் போனால் யாரும் தரமாட்டார்கள். அதனால் தேதி, ஒடோமீட்டர் எண், ஊற்றிய ஆயிலின் கிரேடு, ஃபில்டரின் பாக எண் எல்லாம் எழுதிய பில் கையில் இருக்க வேண்டும். மேனுவலில் ஆயில் கிரேடு 0டபிள்யூ-20 என்று இருந்தால் பில்லிலும் அதேதான் இருக்க வேண்டும், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்டெண்டட் வாரன்டி தனிக் கதை, அது வேறு ஒப்பந்தம். அதன் பொடி எழுத்தைப் படிக்காமல் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு இரண்டு மணி நேர லேபர் போட்டிருக்கிறார்கள். இது பகல் கொள்ளை இல்லையா?

இல்லை. டீலர்கள் பொதுவாக லேபருக்குக் கடிகாரம் பார்ப்பதில்லை. இந்த வேலைக்கு இத்தனை நேரம் என்று கம்பெனி போட்ட அட்டவணை ஒன்று இருக்கிறது, அதை மணிக்கட்டணத்தால் பெருக்கி பில் போடுகிறார்கள். கை தேர்ந்த மெக்கானிக் சீக்கிரம் முடித்தால் லாபம் அவர்களுக்கு, போல்ட் துருப்பிடித்து நாள் முழுக்க மல்லுக்கட்டினால் நஷ்டமும் அவர்களுக்கே. நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் வேறு. டைமிங் பெல்ட்டையும் அது ஓட்டும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றுகிறார்கள் என்று வையுங்கள். இரண்டுக்கும் ஒரே கவரைத்தான் கழற்ற வேண்டும், ஒரு தடவைதான் கழற்றினார்கள், ஆனால் பில்லில் இரண்டு முழு லேபர். பேட், டிஸ்க் மாற்றும்போதும் இதே கதை. "பொதுவான நேரத்தைக் கழித்தீர்களா?" என்று கேளுங்கள், சத்தமில்லாமல் குறைப்பார்கள்.

கேள்வி: நான் தனியாகப் போனால் ஒரு எஸ்டிமேட், என் கணவர் வந்தால் வேறு எஸ்டிமேட். என் பிரமையா?

பிரமை இல்லை சகோதரி. 2013இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஆண்களும் பெண்களும் வொர்க்‌ஷாப்புகளுக்கு போன் செய்து, ஒரே மாடல் காருக்கு ரேடியேட்டர் மாற்ற எவ்வளவு என்று கேட்டார்கள். விலை பற்றி ஒன்றும் தெரியாததுபோல் பேசியபோது பெண்களுக்குக் கூடுதல் விலை சொல்லப்பட்டது. "இவ்வளவு ஆகும் என்று கேள்விப்பட்டேன்" என்று சரியான விலையைச் சொல்லிப் பேசியபோது ஆண், பெண் வித்தியாசமே காணாமல் போனது. கணவரைக் கூட்டிப் போக வேண்டியதில்லை. முந்தின நாள் இரண்டு இடத்துக்கு போன் செய்து விலை கேட்டுக்கொண்டு போங்கள், அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இன்னொன்று, அதே ஆய்வில் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டபோது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிக தடவை குறைத்தார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: எஞ்சின் லைட் எரிந்தது. ஸ்கேன் செய்து பி0420 என்று சொல்லி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். விலையைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்திருங்கள். அந்த எரர் கோடு (code) சொல்வது, புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைவாகத் தெரிகிறது என்பதை மட்டும்தான். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் (டவுன்ஸ்ட்ரீம் சென்சார்) கெட்டிருந்தாலும், சைலன்சர் குழாயில் எங்காவது கசிவு இருந்தாலும் அதே கோடு வரலாம். சென்சார் கிராஃபைக் காட்டச் சொல்லுங்கள், கசிவு பார்த்தீர்களா என்று கேளுங்கள். எஞ்சின் ஒழுங்காகப் பற்றாமல் மிஸ்ஃபயர் ஆகி, எரியாத பெட்ரோல் போய்த்தான் கன்வெர்ட்டர் கெட்டதென்றால், காரணத்தைச் சரி செய்யாமல் புதுசு போட்டால் அதுவும் கெடும். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் சின்ன ஓபிடி ரீடர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போனிலேயே கோடு தெரியும். டீலரிடம் போகும்போது "லைட் எரியுது" என்று போவதற்கும் "பி0420 வருது, டவுன்ஸ்ட்ரீம் சென்சாரைப் பார்த்தீர்களா" என்று போவதற்கும் கிடைக்கும் மரியாதையே வேறு.

கேள்வி: மூன்று வருட சர்வீஸுக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா?

எதெல்லாம் அதில் சேராது என்ற பட்டியலை முதலில் வாங்குங்கள். பிரேக் பேட், வைப்பர், பேட்டரி சேராது என்றால் மிச்சம் ஆயிலும் ஃபில்டரும்தான்.

கேள்வி: அட்வைசர்கள் எல்லாருமே ஏமாற்றுக்காரர்களா?

கிடையாது. நானும் அந்த நாற்காலியில் இருந்தவன்தானே. மாதத் தொடக்கத்தில் ஒரு டார்கெட் வரும், இத்தனை கிளீனிங், இத்தனை கோட்டிங் என்று. ஊக்கத்தொகை அதில்தான். வாடிக்கையாளருக்கு வேண்டாத வேலையைத் தள்ளிவிடாத மாதம் சம்பளம் இளைத்து வரும். 1992இல் அமெரிக்காவின் சியர்ஸ் கடைகளில் இதுதான் வெடித்தது. கலிஃபோர்னியா அதிகாரிகள் வாடிக்கையாளர் வேஷத்தில் கார்களைக் கொண்டுபோய் விட்டார்கள், தேவையில்லாத வேலைகளைப் பில்லில் ஏற்றியதாகக் குற்றச்சாட்டு வந்தது, கடைசியில் சியர்ஸ் தன் ஆட்டோ சென்டர் அட்வைசர்களுக்கான கமிஷனை நிறுத்தியது. அதனால் அந்த மேஜைக்குப் பின்னால் இருக்கும் இளைஞனிடம் எரிந்து விழாதீர்கள். "கோட்டிங், கிளீனிங் எதுவும் வேண்டாம் தம்பி" என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டால் அவரே அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்.

கேள்வி: எனக்கு எல்லாம் காலதாமதம். பணத்தைக் கட்டிவிட்டேன், மாற்றாத பாகத்துக்கும் பில் போட்டிருக்கிறார்கள். திரும்பக் கிடைக்குமா?

நிறைய பேருக்குக் கிடைத்திருக்கிறது, போனில் கத்தியவர்களுக்கு அல்ல. முதலில் வண்டியை வேறு மெக்கானிக்கிடம் காட்டி, மாற்றவில்லை என்று அவர் கைப்பட எழுதி வாங்குங்கள், போட்டோவும் எடுங்கள். பிறகு சர்வீஸ் மேனேஜருக்கு மெயில். வாழ்க்கை வரலாறு வேண்டாம். பில் எண், வரி எண், பாகத்தின் பெயர், "இது மாற்றப்படவில்லை, இந்தத் தொகையை இன்ன தேதிக்குள் திருப்பித் தரவும்", அவ்வளவுதான். அந்தத் தேதி தாண்டினால் அதே மெயிலை கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்புங்கள். டீலருக்குக் கம்பெனியிடமிருந்து வரும் மதிப்பெண் முக்கியம், உங்கள் கோபம் இரண்டாம்பட்சம். அங்கும் நகராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையம், இந்த மெயில்கள்தான் அங்கே உங்கள் சாட்சி.

அப்புறம், நீங்கள் அனுப்பிய பில்லின் பதினோராவது வரியைப் பாருங்கள். ஸ்பார்க் பிளக் நாலு என்று போட்டிருக்கிறார்கள். கடிதத்தில் உங்களுடையது டீசல் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. மெயிலை அந்த வரியிலிருந்து ஆரம்பியுங்கள்.